ஆசாரத்துல ஒரு மாப்பிள்ளை

ஏங்கண்ணு, கரண்டு வண்டி வாங்கியிருக்கிறயாமா? ராசிபுரம் பூரா அதே பேச்சு. அப்பாரு நானும் வந்து பாத்தேன். ஆசாரத்துல, வாசப்படிக்குக் குறுக்கே மாப்பிள்ளையாட்ட நிறுத்தி, ராத்திரி பூரா சார்ஜு ஏத்தறே. பலே யோசனை! திருடன் உள்ளே வரமாட்டான். பத்திக்கிட்டா நீயும் வெளியே போகமாட்டே.

பக்கத்துலயே காலி முட்டை அட்டையை அடுக்கிவெச்சிருக்கிறே பாரு, அது இன்னும் விசேஷம்.

கம்பெனி சார்ஜரு கெட்டுப்போச்சுன்னு பாதி வெலைக்கு வேறொண்ணு புடிச்சயாமா? கல்யாணப் பந்தலுக்கு லட்சத்தைக் கொட்டுனவன், சிக்கனத்தை இங்க வந்து காட்டறே. பொருந்தாத சார்ஜரு அளவு மீறி ஏத்துனா பேட்டரிக்குள்ள இருக்கிற செல்லு சூடேறும். அப்பறம் பண்ணையில ஒரு கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் வந்த கதைதான். ஒண்ணுல இருந்து பக்கத்ததுக்கு, அதுல இருந்து அடுத்ததுக்குன்னு கொட்டாயே காலி.

இனி சொல்றது கேலி இல்லே. 2022 மார்ச்சுல வேலூர்ல, வீட்டுல ராத்திரி சார்ஜு போட்டிருந்த வண்டி தீப்பிடிச்சு, அப்பனும் மகளும் புகையில மூச்சு முட்டிச் செத்தாங்க. நெருப்பு கிட்ட வர்றதுக்குள்ளயே புகை ஆளை அமுக்கிப்போடும். அந்த வருசம் டிசம்பர்ல இருந்து பேட்டரிக்கு விதியைக் கெடுபிடி பண்ணுச்சு சர்க்காரு; ஏஐஎஸ் 156ன்னு அதுக்குப் பேரு. ஆனா விதி வண்டிக்குத்தான் கண்ணு, உன்ற ஆசாரத்துக்கு இல்லே.

கத்திரி வெயில்ல சேலம் போயிட்டு வந்ததும் வயரைச் சொருகாதே. நீ மோர் குடிச்சு ஆறுற நேரம் அதுவும் ஆறட்டும். முழிச்சிருக்கிறப்பச் சார்ஜு போடு. அந்தப் போனைத் தலகாணிக்கடியில வெச்சு ஏத்தறயே, அதுக்குள்ளயும் இதே சாதிப் பேட்டரிதான். பேட்டரி உப்புனாலோ காந்தல் நாத்தம் வந்தாலோ சார்ஜு போடறதை நிறுத்திக் கம்பெனிக்காரனுக்குச் சொல்லு, குப்பையில வீசாதே. பத்திக்கிச்சுன்னா சொம்புத் தண்ணியோட வீரம் காட்டாதே. அணைஞ்ச மாதிரி கெடந்து திரும்பப் பத்தும். ஆளுகளை வெளியே கூட்டிப்போயிட்டு 101க்குப் போன் அடி.

வண்டியை மாட்டுக் கொட்டாய்க்கு மாத்தறேங்கிறயா? மாடு என்ன பாவம் பண்ணுச்சு? வீட்டை விட்டுத் தள்ளி ஒரு தகரக் கூரை போட்டு, எர்த்து வெச்ச பிளக்கு இழு. காசு பத்தலீன்னா மாமனாரைக் கேளு. அந்த வீட்டுல தூங்கறது அவரு மகளுந்தானே?