சாய்ந்த கோபுரம் தாங்குவோர்: ஒரு முதற்கட்ட ஆய்வு

இத்தாலியின் பீசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தைப் பற்றி மண்ணியலாரும் கட்டடக்கலை அறிஞர்களும் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். கலிலியோ அதன் உச்சியிலிருந்து குண்டுகளைப் போட்டுப் பார்த்தாரா என்ற வழக்கு வரலாற்றாசிரியர்களிடையே இன்னும் தீரவில்லை. ஆனால் அக்கோபுரத்தை நோக்கி இரண்டு உள்ளங்கைகளையும் வெறுங்காற்றில் ஊன்றி நிற்கும் பெருங்கூட்டத்தை அறிவுலகம் கண்டுகொள்ளவில்லை. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஆய்வுக்களம். மேற்கேயுள்ள சாந்தா மரியா வாயில் வழியாக நுழையும் முதல்நாள் பயணிக்கு முன்னால் வருவது ஞானஸ்நான மண்டபம். அடுத்தது 11-ஆம் நூற்றாண்டில் தொடங்கப்பட்ட பேராலயம். இரண்டையும் அவர் கடந்து போய்விடுகிறார். பேராலயத்தின் மணிக்கூண்டுதான் அந்தக் கோபுரம். உரியவரை விட்டுவிட்டு அவர் வீட்டு மணியைப் பார்க்க வந்திருக்கிறோம் என்ற உறுத்தல் யார் முகத்திலும் இல்லை. இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஞானஸ்நான மண்டபமும் லேசாகச் சாய்ந்துதான் இருக்கிறது. அதைத் தாங்க ஒருவரும் முன்வருவதில்லை. ஆகவே தாங்குதல் இரக்கத்தால் பிறப்பதன்று என்பது பெறப்படும்.

இனி அதன் இலக்கணம். கோபுரம் தெற்கே சாய்கிறது. மேற்கிலிருந்து பார்க்கும் கேமராவுக்கு அது வலப்பக்கம். எனவே தாங்குபவர் வலப்பக்கம் நிற்க வேண்டும். கோபுரத்தின் உயரம் ஏறக்குறைய 56 மீட்டர். 1.6 மீட்டர் உயரமுள்ள ஒருவர் கேமராவிலிருந்து 3 மீட்டர் தள்ளி நின்றால், கோபுரம் சுமார் 105 மீட்டர் தள்ளி இருக்கும்போது இருவரும் ஒரே உயரமாகத் தெரிவார்கள். இந்த வடிவியலை எந்தப் பள்ளியிலும் கவனித்திராதவர்கள்கூட அங்கே போய் நின்றதும் அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். படம் எடுப்பவர் எந்த மொழி பேசினாலும் சொல்வது ஒன்றுதான்: இன்னும் கொஞ்சம் இடப்பக்கம், கையைத் தூக்கு, ஐயோ அவ்வளவு இல்லை.

அந்த ஒரு கேமராவுக்குத்தான் இது தாங்குதல். நான்கடி விலகிப் பார்ப்பவருக்கு, ஆளில்லாத சாலையில் நின்றுபோன பேருந்தைத் தள்ளுவதற்குப் பத்து நாட்டார் ஒன்றுகூடி, பேருந்தை மட்டும் மறந்துவிட்டு வந்ததுபோல் இருக்கும். பாதையோரக் கல் முளைகளின் மேல் ஏறி, பக்கத்துக்கு ஒருவராக, வெவ்வேறு உயரத்தில், வெவ்வேறு திசையில் காற்றைத் தாங்குகிறார்கள். அடுத்தவர் செய்வதைப் பார்த்து ஒருவரும் சிரிப்பதில்லை. கோயில் வரிசையில்கூடக் காணக்கிடைக்காத ஒழுங்கு இது.

இவர்களுக்குள் இரு சமயப் பிரிவுகள் உண்டு. தென்கலையார் தாங்குவோர். வடகலையார் தள்ளுவோர், கோபுரத்தின் இடப்பக்கம் நின்று, தோளாலோ உதைத்தோ அதைச் சாய்த்தது தாமே என்று காட்டுபவர்கள். ஒரு விரலால் தாங்குவோரும் ஐஸ்கிரீம் கூம்புக்குள் கோபுரத்தை நிறுத்துவோரும் பிற்காலத்துக் கிளைகள். அவர்களுக்கு இங்கே இடமில்லை.

பயன் உண்டா என்பதே முதன்மையான கேள்வி. கோபுரத்தின் எடை சுமார் 14,500 டன்; உள்ளங்கையின் எதிர்ப்பு அதற்கு எம்மாத்திரம் என்று மறுப்போர் கேட்பர். அவர்கள் வரலாற்றைப் பார்க்கட்டும். 1173-இல், மென்மையான களிமண்ணில், 3 மீட்டர் ஆழமே உள்ள அடித்தளத்தில் கட்டத் தொடங்கினார்கள். மூன்றாம் மாடி எழும்போது புதைந்தது. பீசாவுக்குப் போர்கள் வந்து, ஏறக்குறைய நூறு ஆண்டு வேலை நின்றது. அந்த இடைவெளியில் களிமண் இறுகியதால்தான் கோபுரம் பிழைத்தது. விடாமல் கட்டியிருந்தால் அப்போதே விழுந்திருக்கும் என்பது இன்றைய பொறியாளர்களின் முடிவு. சும்மா இருந்ததே முதல் வைத்தியம்.

பின்னர் கைவைத்தவர்கள் கதையைப் பாருங்கள். 1838-இல் கெரார்தெஸ்கா என்ற கட்டடக் கலைஞர், புதைந்த அடிப்பகுதி கண்ணுக்குத் தெரியட்டும் என்று சுற்றிலும் தோண்டினார். தண்ணீர் புகுந்து கோபுரம் மேலும் சாய்ந்தது. 1934-இல் முசோலினி ஆட்சியில் அதை நிமிர்த்தப் போகிறோம் என்று அடித்தளத்தில் துளையிட்டுச் சிமெண்டுக் குழம்பை ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. 1990-இல் மக்கள் ஏறுவதற்குத் தடைபோட்டு, வல்லுநர் குழு அமைத்த பிறகும் ஆபத்து தீரவில்லை. 1995-இல் மண்ணை உறையவைத்து வேலை செய்யப் போக, கோபுரம் திடீரென்று தெற்கே நகர, அவசர அவசரமாக வடக்கே ஈயக் கட்டிகளை ஏற்றினார்கள். கடைசியில் வடபுறத்து அடிமண்ணைத் துளித்துளியாக உறிஞ்சி எடுத்தபோதுதான் அது மனமிரங்கி உச்சியில் சுமார் 45 சென்டிமீட்டர் திரும்பி வந்தது. 5.5 பாகையாக இருந்த சாய்வு ஏறக்குறைய 4 பாகையானது. 2001 டிசம்பரில் கதவு திறந்தது. தள்ளுவோர் நிற்கும் திசையிலிருந்து குணம் கிடைத்தது என்பதைத் தென்கலையார் கவனிக்க வேண்டும்.

எனவே இவ்வாய்வின் முடிபு: எண்ணூறு ஆண்டுக்கும் மேலான வரலாற்றில் கோபுரத்தின் நலனுக்காகக் கை நீட்டியவர்களுள் கடுகளவு தீங்கும் செய்யாதவர்கள் நூறு மீட்டர் தள்ளி நின்று காற்றைத் தாங்கிய சுற்றுலாப் பயணிகளே. முசோலினி அந்தப் புல்வெளியோரம் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கோபுரத்தில் ஏற நேரம் குறித்த நுழைவுச்சீட்டு வேண்டும், பைகளைக் கீழே ஒப்படைக்க வேண்டும், எட்டு வயது நிரம்பாத குழந்தைகளை மேலே விடமாட்டார்கள். தாங்குவதற்குச் சீட்டும் இல்லை, வயது வரம்பும் இல்லை.