பரபாசுக்கு ஒரு வக்காலத்து

கேள்வி: விவிலியத்து வில்லனை அனுதாபத்தோடு நாவலாக்க முடியுமா? (வாசகர், திருவனந்தபுரம்)

பதில்: முடியும், அப்படி எழுதியவருக்கு நோபல் பரிசே கிடைத்திருக்கிறது. இயேசுவுக்குப் பதிலாக விடுதலையான பரபாசைப் பற்றி நற்செய்தி நூல்கள் சொல்வது சில வரிகள்தான். கலகக்காரன், கொலைகாரன், கள்வன்; அதன்பின் ஆளைக் காணோம். அந்த இடைவெளியில் புகுந்தார் சுவீடன் எழுத்தாளர் பேர் லாகர்குவிஸ்ட். ‘பரபாஸ்’ வெளியானது 1950இல். நோபல் வந்தது 1951இல். தமிழில் க.நா.சு. அதை ‘அன்பு வழி’ என்று மொழிபெயர்த்தார்.

நாவலாசிரியர் பரபாசை நல்லவனாக்கவில்லை. நம்ப விரும்பியும் நம்ப முடியாதவனாக்கினார். சுரங்க அடிமையான அவன் கழுத்துத் தகட்டில் கிறிஸ்துவின் பெயர் பொறித்திருக்கிறது. ரோமானிய அதிகாரி விசாரிக்கும்போது, உடன் பிணைக்கப்பட்டிருந்த அடிமை சகாக் விசுவாசத்தை மறுக்காமல் சிலுவையில் சாகிறான். பரபாஸ் மறுத்துப் பிழைக்கிறான். கடைசியில், எரியும் ரோமுக்கு எண்ணெய் வார்ப்பதுதான் இறைப்பணி என்று தப்பாகப் புரிந்துகொண்டு, அவனும் சிலுவை ஏறுகிறான்.

திருவனந்தபுரத்திலேயே இதற்கு உறவுமுறை உண்டு. மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த நகுலன், இராமாயணத்தில் கட்சி மாறியவனைப் பேசவைத்து ‘வீடணன் தனிமொழி’ எழுதினார்.

வில்லனுக்காக வாதாடலாம், விடுதலை வாங்கித் தருவது நாவலின் வேலையல்ல. பரபாசுக்கோ அது முன்பே கிடைத்துவிட்டது!