உப்பு மிகுந்த சாம்பாரும் உருளைக்கிழங்கும்: ஓர் ஆராய்ச்சி

சாம்பாரில் உப்பு கூடிவிட்டால், ஓர் உருளைக்கிழங்கைத் தோல் சீவி நறுக்கிப் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட வேண்டும். அதிகப்படி உப்பை அது இழுத்துக்கொள்ளும். இந்த விதியைக் கேள்விப்படாத வீடு தமிழ்நாட்டில் இருக்க முடியாது. வார இதழ்களின் ‘டிப்ஸ்’ பெட்டிக்குள் இது அவ்வப்போது புதிய கண்டுபிடிப்பாகப் பிறக்கிறது. எழுதி அனுப்பியவருக்குப் பரிசும் போய்ச் சேருகிறது. ஆயினும் இவ்விதிக்கு இதுகாறும் எவரும் முறையாக உரை கண்டதில்லை. அக்குறையைத் தீர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இப்போதே அடுப்பில் கரிக்கும் சாம்பாரை வைத்துக்கொண்டு இதைப் படிப்பவர்கள் நேராகக் கடைசிப் பத்திக்குப் போய்விடலாம். மற்றவர்கள் பொறுமையாக வரவும்.

முதற்கண் வரலாறு. உப்பு கூடிப்போவதைத் தமிழில் இலக்கியத் தரத்துக்கு உயர்த்தியவர் வள்ளுவர். புலவி அதிகாரத்தில், 1302ஆம் குறளில், ஊடலை உணவில் அமைந்த உப்புக்கும், ஊடலை நீட்டிப்பதை அந்த உப்பு சற்றே மிகுவதற்கும் ஒப்பிடுகிறார். ஆக, சிக்கல் அன்றே தெரிந்திருக்கிறது. பரிகாரத்தைத்தான் சொல்லாமல் விட்டார். பரிமேலழகரும் அவ்விடத்தில் உருளைக்கிழங்கைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் அடுத்த குறளுக்கு நகர்ந்துவிடுகிறார். இருவர்மேலும் குற்றமில்லை. அக்காலத்தில் உருளைக்கிழங்கு தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் தன் பாட்டுக்கு விளைந்துகொண்டிருந்தது. ஸ்பானியர் அதை 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். போர்ச்சுக்கீசியர் 17ஆம் நூற்றாண்டில் நம் மேற்குக் கரையில் இறக்கினார்கள். நீலகிரியில் அது வேரூன்றியது ஜான் சல்லிவன் காலத்தில், அதாவது 19ஆம் நூற்றாண்டில். எனவே ‘பாட்டி சொன்ன வைத்தியம்’ என்று இவ்விதியைப் போற்றுவோர், எந்தப் பாட்டி என்பதில் கவனமாக இருக்க வேண்டும். நம் பாட்டி சொல்லியிருக்கலாம். கண்ணகி வீட்டில் உப்பு கூடியிருந்தால் கோவலன் அப்படியே சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்க வேண்டியதுதான்.

இனி நோயின் படிநிலைகள். 1 லிட்டர் சாம்பாருக்கு 10 கிராம் உப்பு சரி என்று கொள்வோம். 12 கிராம் வரை ‘இன்னைக்கு உப்பு கொஞ்சம் தூக்கல்’ என்பார்கள்; சொல்லிக்கொண்டே இரண்டாம் முறையும் ஊற்றிக்கொள்வார்கள். 13 வரை ‘கூடிப்போச்சு’. அதற்கு மேல் ‘கரிக்குது’. 16ஐத் தாண்டினால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். நேரே மோர் கேட்பார்கள். இந்த எல்லைகளை நானே வகுத்தேன். மாற்று எல்லை உடையோர் மறுப்புரை எழுதலாம்.

பரிகாரம் சொல்லும் கட்சிகள் பல. உருளைக்கிழங்குக் கட்சியே பெரியது. சோற்றைத் துணியில் மூட்டை கட்டி உள்ளே இறக்குவோர் ஒரு பிரிவு. சப்பாத்தி மாவை உருட்டிப் போடுவோர் இன்னொரு பிரிவு. இவர்கள் சப்பாத்தி நம் வீடுகளில் இரவு உணவான பிறகு தோன்றியவர்களாக இருக்க வேண்டும். தேங்காய்ப்பால் விடுவோர், வெல்லம் போடுவோர் என்று மிதவாதிகளும் உண்டு. வெல்லக் கட்சியாருக்கு ஒரு வசதி, காரியம் பலிக்காவிட்டால் ‘இது உடுப்பி சாம்பார்’ என்று சொல்லித் தப்பிக்கலாம்.

இவற்றுள் சோற்று மூட்டைக்காரரையும் மாவுருண்டைக்காரரையும் ஒரே வாதத்தில் முடித்துவிடலாம். மூட்டை உறிஞ்சுவது உப்பை மட்டுமன்று, உப்பு கரைந்த சாம்பாரை. உப்பையும் நீரையும் அதே விகிதத்தில் வெளியே எடுத்தால் மிச்சம் இருப்பதன் கரிப்பு எப்படிக் குறையும்? கடலில் ஒரு குடம் மொண்டுவிட்டால் கடல் தித்திக்குமா? குறைவது சாம்பாரின் அளவு மட்டுமே. தேங்காய்ப்பால்காரர் சொல்வதில் நியாயம் உண்டு. பாலில் உப்பில்லை, அளவும் கூடுகிறது. ஆனால் அதன் பிறகு அதைச் சாம்பார் என்று கூப்பிடக் கூடாது.

உருளைக்கிழங்குக் கட்சியை இவ்வளவு எளிதில் விட முடியாது. கிழங்கு ஏற்கெனவே தன்னுள் நீரோடு வருகிறது. அந்த நீரில் உப்பு அநேகமாக இல்லை. ஆகவே சாம்பாரின் உப்பு கிழங்குக்குள் கொஞ்சம் போகத்தான் செய்யும். எவ்வளவு என்பதே கேள்வி. கை தவறி 15 கிராம் விழுந்த 1 லிட்டர் சாம்பாரை எடுத்துக்கொள்வோம். 100 கிராம் கிழங்கு ஒன்று போடுகிறோம்; அதில் ஏறக்குறைய 80 கிராம் நீர். அதன் நடுமையம் வரை உப்பு ஊடுருவிச் சமநிலை வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம் (பத்து நிமிடத்தில் வராது; கட்சிக்காரர்கள்மேல் ஒரு தாட்சண்யம்). 1,000 மில்லியில் இருந்த உப்பு இப்போது 1,080 மில்லியில் பரவுகிறது. லிட்டருக்கு 15 என்பது 13.9 ஆகிறது. நம் அளவுகோலின்படி ‘கரிக்குது’ அப்படியேதான் இருக்கிறது. 10க்கு இறக்க வேண்டுமானால் 625 கிராம் கிழங்கு போட வேண்டும். அப்படிச் செய்தால் கிடைப்பது சாம்பாரன்று, கூட்டு. கிழங்கை எடுத்து எறியாமல் தின்றுவிட்டால், அது இழுத்துக்கொண்ட உப்பும் அதே வயிற்றுக்குத்தான் போகிறது.

இதைக் கருவி வைத்து அளந்தவரும் உண்டு. அமெரிக்க வேதியியல் பேராசிரியர் ராபர்ட் வோல்க், உப்பு நீரில் உருளைக்கிழங்கை வேகவைத்து, முன்னும் பின்னும் அந்நீர் மின்சாரத்தைக் கடத்தும் திறனை அளந்தார். உப்பு குறைந்தால் கடத்துதிறனும் குறைய வேண்டும். குறையவில்லை. சமையலறை அறிவியலைப் பற்றி அவர் எழுதிய நூல் 2002இல் வந்தது. அங்கும் இவ்விதி இருந்திருக்கிறது என்பது நமக்கு ஆறுதல்.

அப்படியானால் இத்தனை பேர் ‘எங்க வீட்டுல பலிச்சுதே’ என்று சொல்வது பொய்யா? இல்லை. இங்குதான் இவ்வாராய்ச்சியின் மையம் இருக்கிறது. கிழங்கு போடுகிறவர் கையைக் கூர்ந்து பாருங்கள். கிழங்கைப் போடுகிறார், கெட்டியான சாம்பாரில் அது வேகாதே என்று ஒரு டம்ளர் தண்ணீரும் விடுகிறார். மூடிவைக்கிறார். பத்து நிமிடம் கழித்துக் கரண்டியால் எடுத்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்து, ‘ம், இப்ப பரவால்ல’ என்கிறார். 200 மில்லி தண்ணீர் மட்டும் விட்டிருந்தாலே 15 என்பது 12.5 ஆகியிருக்கும். கிழங்கும் சேர்ந்ததால் 11.7. ‘கரிக்குது’ இறங்கித் ‘தூக்கல்’ ஆகிவிட்டது. அந்த இறக்கத்தில் 2.5 கிராம் தண்ணீரின் உழைப்பு, 0.8 கிராம் கிழங்கினுடையது. பேர் மட்டும் கிழங்குக்கு. அடுத்தடுத்து ருசி பார்த்ததில் நாக்கும் உப்புக்குப் பழகிவிட்டிருக்கும். தண்ணீர் விட்டேன் என்று சொன்னால் ‘நீர்க்க இருக்கு’ என்று குறை வரும். கிழங்கு போட்டேன் என்றால் கெட்டிக்காரி என்று பேர் வரும். விதி இத்தனை காலம் நிலைத்ததற்கு இது போதாதா?

நோய்முதல் நாடாமல் ஆய்வு நிறைவுறாது. கல் உப்பே முதல் குற்றவாளி. அது கரைய நேரம் எடுக்கும். போட்ட கையோடு ருசி பார்த்தால் உப்பில்லாதது போலத்தான் இருக்கும். இன்னொரு சிட்டிகை விழும். பிறகு இரண்டும் சேர்ந்து கரையும். கல் உப்பிலிருந்து தூள் உப்புக்கு மாறிய வீடுகளில் வேறொரு விபத்து. கற்களுக்கு இடையில் காற்று இருப்பதால் அதே கரண்டியில் தூள் உப்பு எடை கூடுதலாக நிற்கும். கை மட்டும் பழைய கணக்கையே வைத்திருக்கும். மூன்றாவது, சுண்டுதல். சரியாக உப்புப் போட்ட 1 லிட்டர் சாம்பார் 800 மில்லியாகச் சுண்டினால், யாரும் தொடாமலே 12.5க்கு ஏறிவிடும். வீட்டில் இருவர் தனித்தனியே உப்புப் போட்டு ஒருவரையொருவர் பார்க்கும் வகையும் உண்டு. அது குடும்ப நீதிமன்றத்தின் எல்லைக்குட்பட்டது, இங்கு விடுத்தோம்.

கேக் செய்வோர் இவ்விதியைத் தம் பக்கம் இழுக்க முயல வேண்டாம். மாவில் கூடிய உப்பை வெந்த பிறகு எதுவும் செய்ய முடியாது. குக்கரின் அடியில் கொட்டி, அதன் மேல் தட்டு வைத்துக் கேக்கை வேகவைக்கிறோமே, அந்த இரண்டு கப் உப்பு ஒன்றுதான் எவ்வளவு கொட்டினாலும் யாரும் முகம் சுளிக்காத உப்பு.

தீர்ப்பு இது. பருப்பு வெந்ததும் உப்புப் போடுவதற்கு முன்பே இரண்டு கரண்டி தனியே எடுத்து வையுங்கள். கூடிப்போனால் அதைக் கரைத்து விட்டுப் புளித்தண்ணீர் கொஞ்சம் சேர்த்து ஒரு கொதி விடுங்கள். எடுத்து வைக்காதவர்கள் வெந்நீர் விட்டு, சாம்பார்ப் பொடியைக் கொஞ்சம் கூட்டுங்கள். அதற்கும் நேரமில்லை, இலை போட்டாகிவிட்டது என்றால் சோற்றைக் கூடுதலாகப் பரிமாறுங்கள். நம் வீடுகளில் சோறு பெரும்பாலும் உப்பில்லாமல்தான் வடிக்கப்படுகிறது. இட்லிக்கு மட்டும் இந்த வழி செல்லாது, மாவிலேயே உப்பு இருக்கிறது. உருளைக்கிழங்கைப் பொரியலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.