தொட்டவரும் தொடவிட்டவரும்

லஞ்சம் வாங்குவோரைப் பொறிவைத்துப் பிடிக்கையில் ரூபாய் நோட்டில் தடவப்படும் பினாப்தலின் பொடி, தொட்டவர் விரலைச் சோடியம் கார்பனேட் கரைசலில் இளஞ்சிவப்பாக்கிக் காட்டிக்கொடுக்கும், தொடவிட்டவரைக் காட்டாது. பக்கத்து அறை மேலதிகாரிக்கு அன்றுதான் செய்தியே தெரியும். ஆனால் மத்திய அரசின் 1964 நடத்தை விதிகளில் மூன்றாம் விதி, தன்கீழ் பணியாற்றுவோரின் நேர்மையை உறுதிசெய்ய இயன்ற எல்லா நடவடிக்கையும் எடுப்பது மேற்பார்வையாளரின் கடமை என்கிறது. நூறு பேரின் சட்டைப்பையை ஒருவர் எப்படிப் பார்ப்பார் என்பார்கள். பையைப் பார்க்க வேண்டாம். எந்த மேசையில் கோப்பு காரணமின்றித் தூங்குகிறது, எந்த மனு வரிசை தாண்டி ஓடுகிறது என்று பதிவேட்டைப் புரட்டினால் போதும். கீழே இருப்பவர் தவறுக்கு மேலே இருப்பவரைக் கேட்பது அநீதியாம். கீழே இருப்பவர் உழைப்புக்கு மேலே இருப்பவர் விருது வாங்கும்போது மட்டும் இந்த நியாயம் விடுப்பில் போய்விடுகிறது.