பத்துக்கு ஆறு

லைசென்ஸ் எடுப்பது என்றால் நம்மூரில் எட்டுப் போடுவதுதான். பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் கால் ஊன்றாமல் எட்டுப் போட்டவரை ஊரே மெச்சும். அதற்கு முன்னால் எல்.எல்.ஆருக்கு ஒரு கேள்வி-பதில் பரீட்சை இருப்பதை யாரும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நாராயண் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டப் போனதிலிருந்து, வண்டி ஓட்டுவது கோயமுத்தூர் ரத்தத்திலேயே ஊறியது என்று டிவிஎஸ் எக்ஸ்எல்லில் போகிறவர் வரைக்கும் நம்பிக்கை. ரத்தத்தில் இருப்பதைப் புத்தகத்தில் எதற்குப் படிப்பது?

மகளுக்குப் பதினெட்டு முடிந்ததால் எங்கள் வீட்டில் படிக்க வேண்டி வந்தது. டிரைவிங் ஸ்கூலில் கொடுத்த ஒல்லிப் புத்தகத்தோடு நான் உட்கார்ந்தேன்.

"ரோட்டைத் தாண்ட ஆளுங்க நிக்கறாங்க. ஹாரன் அடிச்சுட்டே போகோணுமா, வேகத்தைக் குறைச்சு ஹாரன் அடிக்கோணுமா, நிறுத்தி அவங்களை விடோணுமா?"

"நிறுத்தோணும்."

"எப்படிக் கண்ணு டக்குனு சொல்றே?"

"சுலபமுங்கப்பா. காந்திபுரத்துல எல்லாரும் என்ன பண்றாங்களோ அதை அடிச்சுட்டா, மிச்சம் நிக்கறதுதான் பதில்."

சோதித்துப் பார்த்தேன். இடப்பக்கம் புகுந்து முந்தலாமா? மஞ்சள் விழுந்தால் முறுக்குவதா, நிறுத்துவதா? முறை எங்கும் பிசகவில்லை. ஆனால் விளக்குகளைப் படிப்பதே வீண் என்றாள். கோவையில்தான் பல சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டு ரவுண்டானாவும் யூ-டர்னும் வைத்துவிட்டார்களே! ரவுண்டானாவில் வலப்பக்கமிருந்து வருகிறவருக்கு வழி விட வேண்டும் என்கிறது புத்தகம். நாம் தைரியசாலிக்கு வழி விடுகிறோம். குறுக்கே வந்து உரசுகிறவர்கூட, "ஏனுங்க, ஊட்ல சொல்லிட்டு வந்துட்டீங்களா?" என்று மரியாதை குறையாமல்தான் கேட்பார்.

ஆளில்லா லெவல் கிராசிங்கும் பாடத்தில் உண்டு. கூட வருகிறவர் இறங்கிப் போய், ரயில் வரவில்லை என்று பார்த்து, முன்னால் நடந்து வண்டியை அழைத்துப் போக வேண்டும். கூட ஆளில்லாவிட்டால் ஓட்டுகிறவரே இறங்கிப் பார்க்க வேண்டும். அகல ரயில் பாதைகளில் இருந்த இத்தகைய கிராசிங்குகளை 2019 ஜனவரியோடு ரயில்வே ஒழித்துவிட்டது. கிராசிங் போய்விட்டது, கேள்வி போகவில்லை.

கை சைகை வந்ததும் மகள் விழித்தாள். இன்று யாருமே கையை நீட்டாததால், அடிப்பதற்கு அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த அவள் அப்பாரு, அதாவது என் அப்பா, எழுந்து உட்கார்ந்தார். வால்பாறைத் தேயிலை லோடு அடித்து லாரியில் காலம் தள்ளியவர். வலது கையை நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க, மேலும் கீழும் அசைத்தார். வேகம் குறைக்கிறேன். அதே கையை இடஞ்சுழியாகச் சுற்றினார். இடப்பக்கம் திரும்புகிறேன். முன்னும் பின்னும் அரைவட்டமாக வீசினார். நீ முந்திப் போ. படத்தோடு ஒப்பிட்டேன். அச்சு அசல்.

"எங்கீங்கப்பா படிச்சீங்க?"

"படிக்கறதா? அந்த ரோட்டுல கை காட்டாமப் போனா, ஆழியாறு டேமுலதான் போய் நிக்கோணும்."

வால்பாறை ரோட்டின் அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளில், ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி ஒதுங்கி நிற்குமாம். புத்தகத்திலும் அப்படியேதான். மகளின் முறைப்படி போட்டிருந்தால் இதில் மார்க் போயிருக்கும். பக்கத்தில் பள்ளம் தெரிகிற இடத்தில் நாம் சட்டத்தை எழுத்துக்கு எழுத்து மதிக்கிறோம். ஊருக்குள் இருக்கிற பள்ளம் வேறு ரகம், அதற்கு யாரும் பயப்படுவதில்லை.

மகள் பாஸ். நூற்றுக்கு அறுபது எடுத்தால் போதும் என்கின்றன 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள். அதாவது பத்துக்கு ஆறு தெரிந்தால் எல்.எல்.ஆர்., முப்பது நாள் கழித்து எட்டுப் போட்டால் லைசென்ஸ். இது தெரிந்ததிலிருந்து, ரோட்டில் எதிரே வருகிற ஒவ்வொருவரையும் பார்க்கும்போது எனக்கு ஒரே யோசனைதான்: இவருக்குத் தெரியாத அந்த நாலு எதுவாக இருக்கும்?