இலவசக் காற்று வேண்டி ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
பச்சை நம்பர் பிளேட்காரன்,
கே.ஏ. 08, கோலார் தங்க வயல்.

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம்,
புது டெல்லி.

பொருள்: மின்சாரக் கார் டயருக்குக் காற்று – பெட்ரோல் பங்கில் கையேந்தும் நிலை – நிவாரணம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: காரின் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும், இதுவரை யாரும் பார்வையிடாத ஸ்டிக்கர்.

ஐயா,

பெட்ரோலை விட்டொழியுங்கள் என்று மேடைதோறும் சொன்னீர்கள். பெரியவர்கள் சொல்லைத் தட்டக் கூடாது என்று மின்சாரக் கார் வாங்கினேன். வீட்டு வாசலிலேயே சார்ஜ் போட்டுக்கொள்கிறேன். எங்கள் ஊருக்குக் கரண்ட் ஒன்றும் புதிதல்ல. சிவனசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து 1902-லேயே சுரங்கத்துக்கு மின்சாரம் வாங்கியவர்கள் நாங்கள். பெங்களூரில் தெருவிளக்கு எரிய 1905 ஆனது. ஆகவே கரண்டுக்குக் குறைவில்லை. எனக்குக் குறையெல்லாம் காற்றில்தான்.

பெட்ரோல் பங்கில் காற்று இலவசம் என்பது விதி. விதி எழுதியவர் பச்சை நம்பர் பிளேட்டைக் கண்டதும் பங்க் பையனின் முகம் போகும் போக்கைப் பார்த்திருக்க மாட்டார். டீ குடிக்காமல் பேப்பரை மட்டும் புரட்டிவிட்டுப் போகிறவனை டீக்கடைக்காரர் பார்ப்பாரே, அந்தப் பார்வை. இந்த ஜென்மத்தில் இவன் ஒரு லிட்டர் போடப்போவதில்லை என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கூச்சத்தில் பத்து ரூபாயை அவன் கையில் திணிக்கிறேன். நான் சார்ஜ் போடும் நிலையத்தில் காற்று கேட்டால், "இங்க கரண்ட் மட்டும்தாண்ணா" என்கிறார்கள். பெட்ரோலை விட்டேன், பங்க் என்னை விடவில்லை.

சரி, காற்று கிடைத்துவிட்டது. எவ்வளவு பிடிப்பது?

"எவ்ளோண்ணா?"

"முப்பத்தஞ்சு."

"காருக்கெல்லாம் முப்பத்திரண்டுதாண்ணா."

விசாரித்துப் பார்த்ததில் ஊரில் ஆளுக்கொரு சட்டம் அமலில் இருக்கிறது. ராபர்ட்சன்பேட்டை பஞ்சர் கடை அண்ணன், "வெயில் காலம், முப்பது போதும்" என்கிறார். மச்சான், "நாற்பது வைங்க, ரேஞ்ச் கூடும்" என்கிறார். டயரின் பக்கவாட்டில் பொறித்த எண்ணையே வைத்துவிடலாம் என்பது இன்னொரு பெரியவரின் தீர்ப்பு. அது டயர் தாங்கும் உச்ச அளவு. லிஃப்டில் பத்துப் பேர் ஏறலாம் என்று எழுதியிருந்தால் பத்துப் பேர் சேரும்வரை யாரும் காத்திருப்பதில்லையே!

சரியான எண் கதவுத் தூண் ஸ்டிக்கரில் இருக்கிறது. ஆள் குறைவாகப் போனால் ஒன்று, குடும்பமும் மூட்டையும் ஏறினால் இன்னொன்று என்று பல கார்களில் இரண்டு எண் உண்டு. அதே மாடலின் பெட்ரோல் வண்டிக்குச் சொன்னது இதற்குப் பொருந்தும் என்றும் இல்லை. பேட்டரி சில நூறு கிலோவைக் கூட்டிவிடுகிறது. காற்று குறைந்தால் டயர் உருளும்போது சப்பிச் சப்பி நிமிரும். அதற்கான கூலி பேட்டரியிலிருந்து போகும், டயர் சூடேறும், இரண்டு ஓரமும் தேயும். காற்று கூடினால் நடுப்பகுதி அதிகம் தேயும். பிரேக் மிதித்தால் வண்டி நிற்க இன்னும் கொஞ்ச தூரம் கேட்கும். மச்சான் சொன்ன ரேஞ்ச் கொஞ்சம் கூடுவது உண்மைதான். ஆனால் அதற்கான விலையை அவர் சொல்வதில்லை.

நேரமும் முக்கியம். ஸ்டிக்கர் சொல்வது குளிர்ந்த டயரின் கணக்கு: காலையில், வண்டியை எடுக்கும் முன். தாங்கள் ஹொஸ்கோட்டையிலிருந்து பெத்தமங்கலம் வரை திறந்துவிட்ட எக்ஸ்பிரஸ்வேயில் ஓடி வந்து பங்கில் நின்றால், காலையில் 35 இருந்த டயர் 39 காட்டும். சூடு ஐந்தாறு டிகிரி ஏறினால் ஒரு பி.எஸ்.ஐ. கூடும், அவ்வளவுதான் விஷயம். பையன், "ஜாஸ்தி இருக்குண்ணா" என்று வால்வை அழுத்திப் புஸ்ஸென்று 35-க்கு இறக்கிவிடுவான். மறுநாள் காலை அது 31. டாஷ்போர்டு விளக்கு இதற்கெல்லாம் எரியாது. அது கண் விழிக்க அழுத்தம் இன்னும் நன்றாக இறங்க வேண்டும்.

அந்த விளக்கை நம்பித்தான் தாங்கள் 2020-ல் விதியைத் திருத்தினீர்கள். ட்யூப்லெஸ் டயரும் அழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் இருந்தால் சின்ன வண்டிகளுக்கு ஸ்டெப்னி வேண்டாம் என்றீர்கள். ஸ்டெப்னி போனது, காற்றின் கணக்கு மட்டும் பங்க் பையனின் பொறுப்பிலேயே நிற்கிறது.

வண்டி வெளியே விடும் காற்றைச் சோதிக்க ஊர்தோறும் புகைச் சோதனை மையம் வைத்தீர்கள். என் கார் புகை விடாது என்பதால் அந்தச் சான்றிதழிலிருந்து விலக்கு. வெளியே விடும் காற்று இல்லை. உள்ளே இருக்கும் காற்றைக் கேட்க நாதி இல்லை.

அழுத்தம் என்றால் என்னவென்று அறியாத ஊர் அல்ல இது. சாம்பியன் ரீஃப்ஸ் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே பாறையைத் துளைத்த டிரில் மெஷின்கள் குழாயில் வந்த அழுத்தக் காற்றில்தான் ஓடின. பாறைக்குள் இருக்கும் அழுத்தத்தை ஆராய 1988-ல் தேசிய பாறை இயக்கவியல் நிறுவனம் இங்கேதான் தொடங்கப்பட்டது. 2001-ல் சுரங்கத்தை மூடினார்கள். பூமியின் அழுத்தத்தையே அளந்த ஊரில் இன்று டயருக்கு ஒரு ஒழுங்கான மீட்டர் கேட்டு மனுப் போடுகிறேன்.

ஆகவே பணிவுடன் வேண்டுவது:

1. சார்ஜிங் நிலையம் தோறும் காற்றுக் குழாயும் பொய் சொல்லாத மீட்டரும் கட்டாயமாக்க வேண்டும்.

2. புகை இல்லாத வண்டிக்குப் புகைச் சோதனை மையத்தில் காற்றையாவது சோதித்துத் தர வேண்டும்.

3. கதவுத் தூணில் ஒளிந்திருக்கும் ஸ்டிக்கரை, குனியாமல் படிக்கும் அளவுக்குப் பெரிதாக்கி டயருக்கு மேலேயே ஒட்ட வேண்டும்.

4. இவை எதுவும் முடியாதென்றால் வழக்கம்போல் ஒரு கமிட்டி அமைக்கலாம். அறிக்கை வருவதற்குள் என் டயர்கள் வழுக்கையாகியிருக்கும். அவற்றையே சாட்சியமாக அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பேச்சைக் கேட்டவன்.

நகல்:

1. பெட்ரோலியத் துறை அமைச்சகம் – "மின்சாரக் கார் எங்கள் துறை அல்ல" என்று பதில் எழுத ஏதுவாக.

2. மின் துறை அமைச்சகம் – "காற்று எங்கள் துறை அல்ல" என்று பதில் எழுத ஏதுவாக.

3. பங்க் பையன் – முப்பத்தஞ்சு, தம்பி. காலையிலேயே வருகிறேன்.