பெரிய மீனைத் தப்பவிடுவது எப்படி?

பிடிபட்ட மீனால் வரும் தொல்லையே, அதைத் தராசில் ஏற்றிவிடுவார்கள் என்பதுதான். 1953 ஆகஸ்டில் பெரு நாட்டின் காபோ பிளாங்கோ கடலில் ஆல்ஃபிரட் கிளாசெல் என்ற அமெரிக்கர் ராடும் ரீலுமாக ஒரு கருப்பு மார்லினைப் பிடித்தார். 1,560 பவுண்டு, ஏறக்குறைய 707 கிலோ. உலக சாதனைதான். ஆனால் பாவம், அதற்குமேல் ஒரு கிலோ ஏற்றிச் சொல்ல அவருக்கு வழியில்லாமல் போயிற்று. தப்பிய மீனுக்கு இந்தக் கஷ்டம் கிடையாது. முட்டுக்காட்டில் அறுத்துக்கொண்டு போன கொடுவா, உத்தண்டி தாண்டும்போது ஐந்து கிலோ இருக்கும். திருவான்மியூர் வருவதற்குள் பன்னிரண்டு.

ஆகவே மீனை முறையாகத் தப்பவிடக் கற்றுக்கொள்ளுங்கள். முறையாக என்றால், இரையை முகர்ந்துவிட்டுப் போகிற மீன் கணக்கில் வராது. மீன் கடிக்க வேண்டும், ராடு வில்லாக வளைய வேண்டும், ரீல் கிறீச்சிட வேண்டும், பக்கத்தில் நிற்பவர்கள் தங்கள் தூண்டிலை மறந்து உங்களைப் பார்க்க வேண்டும். நம் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் டிராக் திருகு. ரீலுக்குள் வட்டத் தட்டுகள் அடுக்கியிருக்கும். ஃபெல்ட், கார்பன் இழை என்று விலைக்கேற்றபடி. திருகை முறுக்கினால் தட்டுகள் நெருங்கி உரசும். மீன் ஓர் அளவுக்குமேல் இழுத்தால் ஸ்பூல் வழுக்கிச் சுழன்று நரம்பை விட்டுக்கொடுக்கும். விஷயம் தெரிந்தவர்கள் அந்த அளவை நரம்பு தாங்கும் எடையில் கால் பங்காக வைப்பார்கள். மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்கு. பத்துக் கிலோ நரம்பென்றால் இரண்டரைக் கிலோ. கொக்கித் தராசை நரம்பில் மாட்டி, இழுத்துப் பார்த்து வைப்பார்கள். உங்களுக்கு எதற்கு அந்த வம்பு? தராசைப் பழைய பேப்பர்காரரை மடக்குவதற்கென்று வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கரையில் நின்று நரம்பைக் கையால் இரண்டு இழுப்பு இழுத்து, "ம், சரியாத்தான் இருக்கு" என்று சொன்னால் போதும்.

மிச்சம் ஏழரைக் கிலோ சும்மாதானே கிடக்கிறது, இன்னும் கொஞ்சம் முறுக்கினால் என்ன என்று தோன்றும். தோன்றினால் தடுக்காதீர்கள். அந்த ஏழரையைத் தின்ன ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். ராடு வளைந்ததும் ஒவ்வொரு வளையத்திலும் நரம்பு உரசும். அது ஒரு பங்கு. ஓடிப்போன நரம்பைத் தண்ணீர் பிடித்து இழுக்கும். அது ஒரு பங்கு. முடிச்சு தன் பங்குக்கு நரம்பின் பலத்தில் கொஞ்சம் குறைத்து வைத்திருக்கும். அதிலும், எச்சில் தொட்டு நனைக்காமல் வறட்டு முடிச்சாக இழுத்து இறுக்கியிருந்தால் உரசிய சூட்டிலேயே நைலான் பாதி செத்திருக்கும். பெரிய பங்கு ஸ்பூலுக்கு. தட்டுகளின் பிடி மாறுவதில்லை; ஆனால் நரம்பு ஓட ஓட ஸ்பூலில் இருக்கும் சுற்றின் விட்டம் சிறுத்துக்கொண்டே போகிறது. விட்டம் பாதியாகிவிட்டால், அதே ஸ்பூலைச் சுழற்ற மீன் இரண்டு மடங்கு இழுக்க வேண்டும். கரையில் இரண்டரை வைத்த திருகு, யாரும் தொடாமலே ஐந்தாகிவிடும்.

தேர்ந்த கை அந்த நேரத்தில் திருகைக் கொஞ்சம் தளர்த்தும். நீங்கள், "ஐயோ, நரம்பு தீரப்போகுதே!" என்று இன்னொரு அரைச் சுற்று முறுக்குங்கள். மற்றதைக் கொடுவா பார்த்துக்கொள்ளும்.

திருகே இல்லாத காலத்தில் இதெல்லாம் இன்னும் சுலபமாக இருந்தது. கலிஃபோர்னியா கரைக்கு அருகே கேட்டலினா தீவில் 1898-ல் டியூனா கிளப் தொடங்கியவர்களின் ரீலில், ஸ்பூல்மேல் கட்டைவிரலால் அழுத்த ஒரு தோல் துண்டு. டிராக் என்பது அவ்வளவுதான். மீன் ஓடினால் கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று விரல் முட்டியைப் பெயர்க்கும். மீனும் போய் விரலும் வீங்கினால் அந்தக் கதையை யார் சந்தேகிப்பார்கள்? வில்லியம் போஷென் என்பவர்தான் கெடுத்தார். உள்ளே டிராக் வைத்து, கைப்பிடி திருப்பி அடிக்காதபடி ஜூலியஸ் வாம் ஹோஃப் செய்த ரீலைக்கொண்டு, 1913-ல் அதே கேட்டலினா கடலில் 358 பவுண்டு வாள்மீனைப் பிடித்துக் காட்டிவிட்டார்.

அடுத்தது ராடு. மீன் தலையை உதறினால், அந்த அடியை நரம்புக்கு முன்னால் ராடு வளைந்து வாங்கிக்கொள்ளும். மீன் நம் பக்கம் திரும்பினால் தானே நிமிர்ந்து தொய்வை எடுத்துக்கொள்ளும். இதைக் கெடுக்க இரண்டு வழி இருக்கிறது. ராடை மீனை நோக்கி நேராக நீட்டிப் பிடித்தால் அது வளையவே முடியாது. உதறல் முழுக்க நரம்பில் இறங்கும். அல்லது தோளுக்குப் பின்னால் சாயும்வரை தூக்கிப் பிடியுங்கள். பாரமெல்லாம் மெலிந்த நுனிக்குப் போய், கார்பன் ராடு வேட்டுச் சத்தத்தோடு முறியும். செலவு அதிகம்தான். ஆனாலும் போட்டோவுக்கு இரண்டாவதையே நான் சிபாரிசு செய்வேன்.

முறுக்கி அறுப்பது முரட்டு வழி. நயமாகச் செய்ய விரும்புகிறவர்களுக்குத் தொய்வு இருக்கிறது. நெடுநேரம் இழுபட்டதில், முள் ஏறிய துளை பெரிதாகியிருக்கும். அதன்பின் முள்ளை வாயில் நிறுத்தி வைப்பது நரம்பின் விறைப்புதான். அதனால்தான் பழகியவர்கள் ராடை மெதுவாக உயர்த்தி, தாழ்த்தும்போதே சுற்றிக்கொள்வார்கள். நீங்கள் உயர்த்தியதைச் சட்டென்று கீழே போட்டுவிட்டு, அப்புறம் சுற்றுங்கள். நடுவில் ஒரு கையால் செல்போனைத் தேடினால் இன்னும் விசேஷம். கொடுவா இதற்கென்றே காத்திருக்கும். நீரைக் கிழித்து மேலே வந்து, வாயைப் பிளந்து, செவுள் மூடி சிவக்க விரிந்திருக்க, தலையை இடமும் வலமும் உதறும். முள்ளும் இரையும் உங்கள் காதோரம் பறந்து வரும். குனிந்துகொள்ளுங்கள்.

மீன் ஓடும்போது கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருப்பதும் நல்ல பழக்கம். ஸ்பின்னிங் ரீலில் ஸ்பூல் வழுக்கும்போது சுற்றினால் நரம்பு ஓர் அங்குலமும் உள்ளே வராது. முறுக்கு மட்டும் ஏறும். ஐந்துக்கு ஒன்று பல்சக்கர ரீலென்றால் கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ஐந்து முறுக்கு. அடுத்த தடவை வீசும்போது நரம்பு பழைய டெலிபோன் வயர்போலச் சுருண்டு ஸ்பூலிலிருந்து கொத்தாக வரும்.

இத்தனையும் தாண்டி மீன் காலடிக்கே வந்துவிட்டதா? கவலை வேண்டாம். பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். தூரத்தில் இருக்கும்வரை நைலான் நரம்பு நீண்டு கொடுத்து அடியைத் தாங்கியது. இப்போது வெளியே இருப்பது இரண்டு மூன்று மீட்டர். அது எவ்வளவு நீளும்? பின்னல் நரம்பு போட்டிருந்தால் அந்தக் கொஞ்சமும் இல்லை. உங்கள் நிழலைக் கண்டு மீன் கடைசியாக ஒரு பாய்ச்சல் பாயும்போது, ஸ்பூலை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு "வலை! வலை!" என்று கத்துங்கள்.

வீட்டுக்குப் போனதும் முறுக்கிய திருகைத் தளர்த்தாமல் ரீலைப் பரணில் போட்டுவிடுங்கள். ஃபெல்ட் தட்டுகள் நசுங்கி ஒட்டிக்கொண்டால், அடுத்த முறை ஸ்பூல் விக்கி விக்கித்தான் நகரும். கிளம்பவே மறுக்கிற அந்த முதல் நொடியில் பாதி வேலை முடிந்துவிடும்.

ஒரே ஓர் ஆளிடம் மட்டும் ஜாக்கிரதை. பாலத்தோரம் பாட்டிலில் நரம்பைச் சுற்றிக்கொண்டு, ஆட்காட்டி விரலில் சைக்கிள் டியூப் துண்டை மாட்டியபடி ஒரு பெரியவர் நிற்பார். ராடும் இல்லை, ரீலும் இல்லை. மீன் இழுத்தால் விரல்மேல் நரம்பை நழுவவிடுவார், நின்றால் வாங்கிக்கொள்வார். அவரிடம் போய்க் கையை அகல விரித்து நீளம் காட்டாதீர்கள். மீனைப் பற்றி ஒன்றும் கேட்கமாட்டார். "நரம்பக் குடு தம்பி, பாப்போம்" என்பார். நுனி சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியது, பிசிறாக இருந்தால் கல்லிலோ செவுளிலோ உரசியது என்று பார்த்ததுமே சொல்லிவிடுவார், அதுவும் நாலு பேர் காதில் விழும்படி. அவர் பக்கம் போவதற்குமுன் நகவெட்டியால் நுனியை நறுக்கிவிடுங்கள்.